கடற்கரைக் கண்ணகி

கேள்வி: சென்னை மெரீனாவிலுள்ள கண்ணகி சிலை ஒருகாலத்தில் அங்கிருந்து அகற்றப்பட்டிருந்ததாமே, உண்மையா?
– வாசகி, தம்பிலுவில்

பதில்: உண்மைதான். 1968 ஜனவரியில், அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் அதுவும் ஒன்று. 2001 டிசம்பரில் லொறி மோதிப் பீடம் சேதமடைந்ததைக் காரணங்காட்டிச் சிலையைப் பெயர்த்தெடுத்த அரசு, அதை மீண்டும் அங்கே நாட்டாமல் விட்டதால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்சி மாறிய பின், 2006 ஜூன் 3ஆம் திகதி, முதலமைச்சர் கருணாநிதி அதைப் பழைய இடத்திலேயே திறந்துவைத்தார்.

விரிந்த கூந்தலும் கையிற் சிலம்புமாக அவள் அங்கே இன்னமும் பாண்டியனிடம் நீதி கேட்டபடி நிற்கிறாள். நம் கிழக்கிலங்கைப் பக்கத்திலோ அவளைக் கண்ணகை அம்மனாக வழிபடும் வைகாசிச் சடங்கில், அவள் கதை சொல்லும் வழக்குரை காவியத்தைப் படித்து, மதுரையை எரித்த அதே சினத்தைக் குளிர்த்திப் பாடலால் ஆற்றிவிடுகிறோம். எனக்கென்னவோ இந்தக் கண்ணகை அம்மனிடந்தான் நெருக்கம் அதிகம்.