மினியின் முன்சக்கர ஆட்டம்: பேரிங்கா, பால் ஜாயின்ட்டா?

டர்பன் சாட்ஸ்வொர்த் தம்பிக்கு வணக்கம். 1972 மினி காரின் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாக அசைத்தால் டக் டக் என்கிறது, பேரிங்கை மாற்றியும் போகவில்லை என்கிறீர்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் குற்றம் பால் ஜாயின்ட்டில்தான், அதாவது கிண்ணத்துக்குள் குண்டு திரும்பும் மூட்டில்தான். பேரிங் காசு போனது போனதுதான்.

உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். கேப்டவுன் பிளாக்ஹீத்தில் கட்டிய மினியிலும் இதை ஷிம் என்னும் மெல்லிய உலோக வளையம் வைத்துச் சரிசெய்யலாம். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பைக் கழற்றி, 38 மி.மீ. சாக்கெட்டால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் பெரிய நட்டைத் திறந்து, உள்ளிருக்கும் குண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடிபோல் மின்னினால் போதும். அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தாலோ, டர்பன் கடற்காற்றில் துருவேறியிருந்தாலோ செட்டையே மாற்றுங்கள்.

கீழ் ஜாயின்ட்டின் ஸ்பிரிங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஷிம் அளக்க வேண்டும். முதல்முறை இதை மறந்து ஒரு ஞாயிறு முழுவதையும் தொலைத்தவன் நான். நட்டை முழுதாக முடுக்கியபின் குண்டு ஆடக்கூடாது, ஆனால் கைக்குச் சற்று இறுக்கமாகத் திரும்ப வேண்டும். இறுகிப் பிடித்தால் ஷிம்மைக் கூட்டுங்கள், ஆடினால் குறையுங்கள். பூட்டு வாஷர் புதிதாகவே இருக்கட்டும். கிரீஸை, சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது அடியுங்கள்.