அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாமே, ராணுவத்தில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் எதற்கு உரிமம் எடுக்க வேண்டும்? எப்படி எடுப்பது?

உரிமம் எடுத்துவிடுவதே நல்லது. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமமின்றி எடுத்துச் செல்லலாம் என்பது சரிதான். ஆனால் பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு சாலையில் போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அந்தந்த மாநிலம் கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஊருக்குள் எந்தப் பள்ளியையும் தாண்டாமல் கார் ஓட்ட முடியுமா? இந்த ஒரு காரணமே போதும்.

உரிமம் தருவது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை (டிபிஎஸ்). பொதுவாக 21 வயது வேண்டும். படையில் இருப்பவருக்கும் நற்சான்றோடு விடுவிக்கப்பட்டவருக்கும் 18 போதும். கட்டணம் பொதுவாக 40 டாலர். பணியில் இருப்பவருக்கும், விடுவிக்கப்பட்டு 365 நாளுக்குள் விண்ணப்பிப்பவருக்கும் இலவசம். அதற்குப் பிறகு வரும் முன்னாள் வீரருக்கு 25 டாலர். கைரேகைக்கும் வகுப்புக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் விண்ணப்பம், கைரேகை, 4 முதல் 6 மணி நேர வகுப்பு, பிறகு சுடும் தேர்வு. தேர்வில் 50 குண்டுகள்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. ரைஃபிளிலேயே பழகியவர்கள் 15 கஜத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அங்கே எல்லாம் தவறினாலும் போவது 50 புள்ளிதான். கிட்டத்தில் நிதானமாகச் சுடுங்கள்.

முன்னாள் வீரர்களின் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் டிடி-214 எனும் பணி விடுவிப்புச் சான்றிதழில். அதன் மெம்பர்-1 நகலில் எப்படி விடுவிக்கப்பட்டீர்கள் என்ற விவரமே இருக்காது. அதை இணைத்தால் சலுகைக்கு ஆதாரம் இல்லாமல் போகும். மெம்பர்-4 நகலைத்தான் இணைக்க வேண்டும். தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கலாம். 365 நாள் ஓடிக்கொண்டிருந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். டிஸ்ஆனரபிள் டிஸ்சார்ஜ் ஆனவர், அதாவது அவமதிப்போடு படையிலிருந்து நீக்கப்பட்டவர், இந்த உரிமம் மட்டுமல்ல, எந்தத் துப்பாக்கியுமே வைத்திருக்கக் கூடாது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும் அதே தடை. படையில் இருக்கிறார் என்பதற்காகத் தளர்வு கிடையாது.

வேறு மாநிலத்துக்காரர் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் போன்ற ராணுவத் தளத்தில் நிரந்தரப் பணியில் இருந்தால், துப்பாக்கி வாங்கும்போது கூட்டாட்சிச் சட்டம் அவரை டெக்சாஸ் வாசியாகவே கருதும். ராணுவ அடையாள அட்டையோடு பணியிட உத்தரவையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு கட்டடத்தின் வாசலில் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவைச் சொல்லும் பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, 30.07 என்றால் வெளியே தெரியும்படி கூடாது. சிவப்பில் 51% என்று எழுதிய (வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவில் வரும்) மதுக்கூடங்களுக்கு எப்படியும் கொண்டுபோகக் கூடாது. ராணுவத் தளத்துக்குள் மாநில உரிமம் செல்லாது, தளபதியின் விதிதான். முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளிலும் தடை உண்டு, அவற்றின் கார் நிறுத்துமிடம் உட்பட. சிகிச்சைக்குப் போகும் நாளில் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.