காதால் கற்கும் குதிரையேற்றம்: கேள்வி பதில்

கே: பாட்காஸ்ட் கேட்டே சவாரி கற்கலாமா?

ப: உட்காரும் முறை வராது, அதற்குப் பயிற்சியாளர் வேண்டும். தாளம் வரும். சாதாரண நடை நான்கு தட்டு, டிராட் (மிதமான ஓட்டம்) இரண்டு, கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) மூன்று தட்டும் ஒரு இடைவெளியும். குளம்பொலி பதிவானால் பேச்சை விட்டு அதை எண்ணுங்கள். கேன்டரில் நான்கு தட்டு கேட்டால் பின்னங்கால் உந்துதல் குறைந்துவிட்டது.

கே: சவாரியின்போது இயர்போன்?

ப: கூடாது. பின்னால் வரும் வண்டி குதிரைக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. அது துள்ளும்போது நீங்கள் தயாராக இருக்கமாட்டீர்கள்.

கே: அமெரிக்க நிகழ்ச்சியில் குதிரை உயரம் 'ஃபிஃப்டீன் டூ' என்றார்கள். என்ன அளவு?

ப: ஹேண்ட். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 15.2 என்பதில் புள்ளிக்குப் பின் வருவது தசமம் அல்ல, அங்குலம்: 15 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 62 அங்குலம், சுமார் 157 செ.மீ. 15.3க்கு அடுத்தது 16. அளப்பது தலை வரை அல்ல, கழுத்து முதுகோடு சேரும் மேடு வரை.

அதே நிகழ்ச்சிகளில் 'ஹே' என்பதை வைக்கோல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உலர்ந்த புல். நம் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. 'இரண்டு ஃபிளேக்' (கட்டிலிருந்து பிரியும் அடுக்கு) என்றாலும் பின்பற்றாதீர்கள்: கட்டுக்குக் கட்டு எடை மாறும். தராசில் நிறுங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 7 முதல் 9 கிலோ உலர்ந்த புல்.

கே: ஒரு காதில் மட்டும் இயர்போன்?

ப: மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கே: டிராட்டில் தாளத்தோடு சேணத்திலிருந்து எழுந்து அமர்கிறோமே, எழுவது எந்தக் காலுக்கு? ஒருவர் வெளி முன்னங்கால் என்கிறார், இன்னொருவர் உள் பின்னங்கால் என்கிறார்.

ப: இரண்டும் ஒன்றுதான். வட்டத்தில் போகும்போது மையத்தை நோக்கிய பக்கம் உள், மறுபக்கம் வெளி. டிராட்டில் மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக நகரும். குதிரையின் வெளித் தோள் முன்னே போகும்போது உள் பின்னங்காலும் முன்னே வீசும், அப்போது எழுங்கள். அந்தக் கால் தரையில் ஊன்றும்போது அமருங்கள். படமில்லாமல் கேட்பதால் வரும் குழப்பம் இது.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். தோளைக் குனிந்து பார்ப்பது தவறல்லவா?

ப: குனிந்தால் தவறு. தொடக்கத்தில் கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள், பிறகு இடுப்பிலேயே உணர்வீர்கள். தவறான காலுக்கு எழுந்துவிட்டால் இரண்டு தட்டு தொடர்ந்து அமர்ந்து எழுந்தால் மாறிவிடும்.

கே: நேர்ப்பாதையில் உள், வெளி ஏது? இந்த விதியே தேவையா?

ப: அங்கே இரு பக்கமும் மாற்றிமாற்றி எழுங்கள். ஒரே பக்கம் என்றால் அந்த ஜோடிக்கே பாரம்.

கே: குதிரைக்கு வயிற்றுவலி, எந்த எபிசோட் கேட்கலாம்?

ப: எபிசோட் வேண்டாம், கால்நடை மருத்துவரை இப்போதே அழையுங்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தீவனத்தை எடுத்துவிட்டு நாடியை எண்ணிச் சொல்லுங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டினால் அவசரம்.

கே: காதை மூடாத எலும்பு அதிர்வு ஹெட்போன்?

ப: கவனம் அதிலும் சிதறும். கூடாது.