1908ஆம் ஆண்டின் ஆங்கிலக் கிராமத்தில் பாதிரியாரின் அதிகாரம்

வணக்கம். 1908இல் நடக்கும் உங்கள் நாவலில், நடைபாதையைச் செப்பனிடவும் ஏழை விதவைக்கு உதவித்தொகை வழங்கவும் பாதிரியார் உத்தரவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அது பொருந்தாது. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், அதுவரை தேவாலயத்தைச் சார்ந்த வெஸ்ட்ரி என்னும் ஊரார் கூட்டம் கவனித்து வந்த ஊர்ப் பொதுக் காரியங்களைப் பிரித்து, 300 பேரோ அதற்கு மேலோ வாழ்ந்த கிராமப் பங்குகளில் (பங்கு என்பது parish எனப்படும் சிறிய ஊர்ப் பிரிவு) தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. விதவைக்கான உதவியை, 1834ஆம் ஆண்டு ஏழை நிவாரணச் சட்டப்படி பல பங்குகளை இணைத்து அமைத்த ஒன்றியத்தின் காப்பாளர் குழுவே தீர்மானித்தது. ஆயினும் தேவாலயப் பள்ளியிலும், அறக்கட்டளைகள் வழங்கிய நிலக்கரி, போர்வை விநியோகத்திலும் பாதிரியாரின் சொல் எடுபட்டது. அவருடைய செல்வாக்கை அங்கே காட்டுங்கள்.

பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத அக்காலத்திலேயே, மணமான பெண்களும் ஊர் மன்றத் தேர்தலில் நிற்க முடிந்தது என்பதை அவசியம் பயன்படுத்துங்கள். ஆனால் ஏழை நிவாரணம் பெறும் உங்கள் விதவைக்கு அந்தத் தகுதி கிடையாது.