கோப்பு இருக்கிறது, பாட்டைக் காணவில்லை

கேள்வி: பழைய குறுந்தகடுகளிலிருந்து 2003 வாக்கில் என் தந்தை கணினியில் பதிவுசெய்து வைத்திருந்த சுமார் 300 பாடல்களை என் ஆண்ட்ராய்டு கைபேசியின் உள் நினைவகத்தில் ஏற்றினேன். கோப்பு மேலாளரில் எல்லாமே தெரிகின்றன; பாட்டுச் செயலியில் பாதிதான் வருகின்றன. கைபேசியில் கோளாறா?
(மதுரை வாசகி)

பதில்: கோளாறு கைபேசியில் இருப்பதாகத் தோன்றவில்லை. காணாமற்போன பாடல்களின் கோப்புப் பெயர் எப்படி முடிகிறது என்று முதலில் பாருங்கள். 'டபிள்யூஎம்ஏ' என்று முடிந்தால் காரணம் அதுவே. அக்காலத்தில் விண்டோஸ் மீடியா பிளேயர் குறுந்தகட்டுப் பாடல்களைத் தானாகவே இந்த வடிவில்தான் சேமித்தது. ஆண்ட்ராய்டு இயல்பாக ஏற்கும் வடிவங்களில் எம்பி3, ஏஏசி, ஃபிளாக் ஆகியவை உண்டு, டபிள்யூஎம்ஏ இல்லை. பெயரின் கடைசியை எம்பி3 என்று மாற்றி எழுதினால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அரிசி டப்பாவில் பருப்பு என்று சீட்டு ஒட்டுவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி செயலியை நிறுவினால், அது தன்னிடமுள்ள நிரல்களைக் கொண்டே இப்பாடல்களை ஒலிக்கச் செய்யும். எம்பி3 ஆக மாற்றவும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை மீண்டும் சுருக்கும்போது தரம் சற்றுக் குறையும் என்பதால், நான் அதை இரண்டாம் வழியாகவே வைப்பேன்.

விஎல்சியிலும் ஒலிக்காத பாடல்கள் இருந்தால், பதிவுசெய்தபோது நகல் பாதுகாப்பு இயங்கியிருக்கக்கூடும். அத்தகைய கோப்பைத் திறக்கும் உரிமம் பதிவுசெய்த கணினியிலேயே தங்கிவிடுவதால், வடிவத்தை மாற்றித்தரும் மென்பொருள்களும் கைகொடுக்கா. குறுந்தகடுகள் பரணில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்து, புதிதாகப் பதிவுசெய்வதே நல்லது. நொடிக்கு 320 கிலோபிட் என்ற அளவில் ஐந்து நிமிடப் பாடலுக்கு 12 எம்பி ஆகும். 300 பாடல்களும் 4 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

விடுபட்டவை எம்பி3 கோப்புகளே என்றால், சிக்கல் வேறு. பெரும்பாலான பாட்டுச் செயலிகள் கோப்புறைகளைத் தாமே துழாவுவதில்லை. ஆண்ட்ராய்டு தொகுத்து வைத்துள்ள ஊடகப் பட்டியலையே படிக்கின்றன. புள்ளியில் தொடங்கும் 'நோமீடியா' என்ற வெற்றுக் கோப்பு ஒரு கோப்புறையில் கிடந்தால், அதிலுள்ள எதுவும் அப்பட்டியலில் ஏறாது. கோப்பு மேலாளரில் மறைந்துள்ள கோப்புகளைக் காட்டச் செய்து, அதை நீக்கிவிட்டுக் கைபேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள்.