நல்ல காட் வந்தா கை நடுங்குது: போக்கர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, ஒன்லைன்ல ஆடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. கொக்குவில்ல பெடியளோட நேரில இருந்து ஆடேக்கதான் நல்ல காட் வந்தவுடன கை நடுங்குது. புளஃப் அடிக்கேக்க (குப்பைக் கையை வைச்சு நல்ல கை மாதிரி நடிக்கேக்க) நடுங்கிறேல்லை, ஏன் இப்பிடி?

பதில்: தம்பி, கனபேருக்கு உப்பிடித்தான். புளஃப் அடிக்கிறவன் பிடிபட்டுப்போடுவன் எண்ட பயத்தில மூச்சை அடக்கிக்கொண்டு மரக்கட்டை மாதிரி இருப்பான், நல்ல கை வந்தவனுக்குத்தான் அட்ரினலின் பாய்ஞ்சு விரல் ஆடுறது. ரெண்டு ஏஸ் 221 தரத்துக்கு ஒருக்காத்தான் கையில வரும், எனக்கு முதல்முதல் வந்த நாள் சிப்ஸை (காசுக்குப் பதிலா வைக்கிற வட்ட வில்லையள்) அள்ளி வைக்கப் போக ஒண்டு உருண்டு பக்கத்தில இருந்தவற்ற பிளேன் ரீக்குள்ள விழுந்திட்டுது, எல்லாரும் சிரிச்சுப்போட்டு காட்டை மடிச்சு அந்த ஆட்டத்தை விட்டிட்டாங்கள். நடுக்கத்தை நிப்பாட்ட வெளிக்கிடாதையும், அது நிக்காது. தொகையை முதல்ல வாயால சொல்லும், பேந்து முழங்கையை மேசையில ஊண்டிக்கொண்டு சிப்ஸை ஒரே தரமா முன்னுக்குத் தள்ளும். நல்ல கைக்கும் இதுதான், குப்பைக் கைக்கும் இதுதான்.

கேள்வி: கறுப்புக் கண்ணாடி போட்டா காணுமோ?

பதில்: 2003 உலகப் போக்கர் போட்டித்தொடரில கிறிஸ் மணிமேக்கர், 86 டொலர் ஒன்லைன் போட்டியால உள்ளுக்கு வந்து 25 லட்சம் டொலர் வெண்ட மனுசன், கண்ணாடியோடதான் இருந்தவர். கடைசியில கையில ஒண்டுமில்லாமல் முழுச் சிப்ஸையும் தள்ள, ரெண்டு ஒன்பது சோடியா வைச்சிருந்த எதிராளி சாம் ஃபார்ஹா மடிச்சிட்டார். ஆனா கண்ணாடி கண்ணைத்தான் மூடும், கழுத்து நரம்பு துடிக்கிறதை மூடாது. எங்கட விறாந்தை லைட்டில போட்டீரெண்டா காட்டும் தெரியாது!

கேள்வி: மற்றவையிட்ட எதைப் பாக்கிறது அண்ணா?

பதில்: ஃபுளொப் (மேசையில எல்லாருக்கும் பொதுவா விரிக்கிற முதல் மூண்டு காட்) விழேக்க காட்டைப் பாக்காதேங்கோ தங்கச்சி, அது அங்கதான் கிடக்கும், ஆக்களைப் பாருங்கோ. பிடிச்ச காட் விழுந்தா கண் ஒரு நொடி தன்ர சிப்ஸுக்குப் போய்ட்டு வரும். மூண்டும் ஒரே சாதியா விழ ஒருத்தர் தன்ர காட்டைத் திருப்பிப் பாக்கிறாரெண்டா அனேகமா ஃபிளஷ் (அஞ்சு காட்டும் ஒரே சாதி) இன்னும் வரேல்லை, அந்தச் சாதியில ஒண்டு கிடக்கோ எண்டு தேடுறார். ஒரு தரத்தை வைச்சு முடிவெடுக்காதேங்கோ, சும்மா இருக்கேக்க அந்தாள் எப்பிடி இருக்கிறார் எண்டு முதல்ல தெரியவேணும்.

கேள்வி: நான் சின்னனில இருந்தே 304 காட் விளையாட்டு ஆடுறன், அது உதவுமோ?

பதில்: முகத்தை வைச்சிருக்க உதவும். கவுட்டு வைச்ச துரும்பை யார் அடிக்கடி பாக்கினம் எண்டு கவனிச்ச கண்தானே. ஆனா 304இல ஜாக் 30 புள்ளி, அதுதான் ராசா, போக்கரிலயும் ஜாக் வந்தவுடன பழக்கத்தில உங்கட முகம் மலரும், கவனம். சோடிக்குச் சாடை காட்டுற கையும் இருந்தா வீட்டில விட்டிட்டு வாங்கோ.

கேள்வி: ஆடமுன்னம் கோப்பி குடிக்கலாமோ?

பதில்: வேண்டாம், நடுக்கம் கூடும். தண்ணி குடியும், ஆனா பெட் வைச்சாப்பிறகு போத்திலைத் தொடாதையும். தொண்டை காயுறதையும் பாத்துக்கொண்டுதான் இருப்பாங்கள்.