செயற்கை நுண்ணறிவு, ரோபோ, பழைய நூல்கள்: மூன்றையும் ஒருவரே படிக்க முடியுமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டில் நன்றாகவே படிக்கிறார். செயற்கை நுண்ணறிவு, மனிதரோடு பழகும் ரோபோக்கள், பழைய நூல்களைக் கணினி கொண்டு ஆராய்வது என மூன்றிலும் வேலை செய்யும் ஓர் ஆய்வாளரின் உரையைக் கேட்டதிலிருந்து "நானும் இதைத்தான் செய்வேன்" என்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். ஆனாலும் அவரைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எந்தத் துறையின் பெயரில் பட்டம் வாங்குகிறார் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

இது நேற்று முளைத்த படிப்பு என்று நினைக்க வேண்டாம். ரோபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார், இடைக்காலக் கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ் எழுதிய நூல்களுக்கு, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரிக்க உதவி கேட்டு 1949-இல் ஐபிஎம் நிறுவனத்தை அணுகினார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள், தகவலைத் துளைகளாகப் பதியும் அட்டைகள், ஏறத்தாழ 30 ஆண்டு உழைப்பு. மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றைக் கணினி கொண்டு ஆராயும் துறையின் (டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ்) தொடக்கமாகப் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இன்றைக்கு வாருங்கள். சிதைந்துபோன பண்டைய கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துகளை ஊகிக்க, கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்களும் வரலாற்று அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய 'இத்தாக்கா' என்ற மென்பொருள் 2022-இல் வெளிவந்தது. அதைச் சோதித்தபோது வரலாற்று அறிஞர்கள் தனியாகச் செய்தால் துல்லியம் 25 சதவீதம். மென்பொருள் தனியாகச் செய்தால் 62. அறிஞர்கள் மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தபோது 72. உங்கள் மகள் போக நினைக்கும் இடம் அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. மென்பொருள் நீட்டும் பல ஊகங்களில் எது அந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல, இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும்.

ரோபோ பக்கமும் இதே கதைதான். மோட்டாரும் கேமராவும் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். மனிதர் எதை நம்புவார், எதைக் கண்டு ஒதுங்குவார் என்பதுதான் கடினம். மறதி நோயுள்ள முதியோருக்குத் துணையாகப் பயன்படும் 'பாரோ' என்ற ஜப்பானிய ரோபோ, கடல்நாய்க் குட்டி வடிவில் இருக்கும். நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள். கடல்நாயோடு பழகியவர்கள் மிகக் குறைவு. இப்படி ஒரு முடிவை எடுக்க நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உரைகளில் அது தெரியாது. ஓர் அறையில் ரோபோவும் பரிசோதனைக்கு வந்தவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அறையில் ஆய்வாளர் உட்கார்ந்து, ரோபோ சொல்ல வேண்டிய பதிலைத் தட்டிக்கொண்டிருப்பார். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' முறை என்பார்கள். பதில் கொஞ்சம் தாமதமானால் போதும், எதிரில் இருப்பவர் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், அல்லது பார்வையை வேறு பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த நொடியில் பார்வை விலகியது, யார் யாரை இடைமறித்தார் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது பிடித்திருந்தால்தான் இந்த வழி.

சரி, படிப்புக்கு வருகிறேன். முதுநிலையைக் கணினி அறிவியலிலேயே செய்யட்டும். மனித மொழியைக் கணினி கையாள வைக்கும் மொழிச் செயலாக்கம் அல்லது மனிதர்-ரோபோ ஊடாட்டத்தில் ஆய்வேடு எழுதட்டும். முனைவர் பட்டத்தில் வரலாறு, இலக்கியம் அல்லது மொழியியலிலிருந்து ஒருவரை இணை நெறியாளராகச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று துறைகளின் பெயரையும் தலைப்பில் தாங்கிய புதுப் பட்டங்களை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. பேராசிரியர் பணியிடங்களைப் பெரும்பாலும் துறைவாரியாகத்தான் அறிவிக்கிறார்கள். கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைகளைப் பார்ப்பார்கள், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் புத்தகத்தைக் கேட்பார்கள். நடுவில் நிற்பவரை இரு தரப்பும் 'நம்மவர் இல்லை' என்று ஒதுக்கிவிடும் ஆபத்து நிஜமானது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு கிடைக்கும் வேலைகளில் பல, திட்ட நிதி இருக்கும்வரை நீடிக்கும் ஒப்பந்த வேலைகள். இதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆய்வாளர் ஆகாவிட்டால்? உரையாடல் மென்பொருள் வடிவமைப்பு, பயனர் ஆய்வு, பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வைக்கும் தொழில்நுட்பம் எல்லாம் இருக்கின்றன. கணினி அறிவியல் பட்டம் கையில் இருப்பதால் வேலைச் சந்தையில் அவர் திண்டாட மாட்டார். மேலே நான் கறாராக இருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆண்டு ஒரு சின்ன வேலை செய்து பார்க்கட்டும். பழைய அச்சுப் புத்தகம் ஒன்றில் ஐம்பது பக்கத்தை, அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிழைகளைக் கையால் திருத்தி, எந்த இடத்தில் ஏன் தவறுகிறது என்று குறிப்பெடுக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் எஸ் எழுத்து நீண்டு எஃப் போலவே இருக்கும், மென்பொருள் ஏமாந்துபோகும். அதைத் திருத்தாமல் சொற்களை எண்ணினால் முடிவே தப்பாகிவிடும். இதில் அலுப்பு வராமல், "அப்படியானால் இந்த எழுத்து எப்போது மறைந்தது?" என்று அவருக்குத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு பேசலாம்.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கட்டம் வரும்போது, உதவித்தொகை இல்லாத இடத்தைத் தொடவே வேண்டாம். நெறியாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? என் ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் எந்தெந்தத் துறையினர் இருப்பார்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், முதல் பதில் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சேர வேண்டாம்.